பிரசங்கக் கூடத்தில் பாஞ்சோ: நாஷ்வில்லின் ரைமன் அரங்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் உள்ள ரைமன் ஆடிட்டோரியத்தை கன்ட்ரி இசைக்காரர்கள் ‘தாய்த் திருச்சபை’ என்கிறார்கள். அப்பெயரில் பாதி உண்மையும் உண்டு. 1892இல் கட்டி முடிக்கப்பட்டபோது அது ‘யூனியன் காஸ்பல் டாபர்னக்கிள்’ என்ற பிரசங்கக் கூடமாகவே இருந்தது. அதைக் கட்ட முன்நின்ற தாமஸ் கிரீன் ரைமன் கம்பர்லாண்ட் ஆற்றில் நீராவிப் படகுகள் ஓட்டிய கப்பல் முதலாளி, மதுக்கூடமும் வைத்திருந்தவர். 1885இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த மெத்தடிஸ்ட் பிரசங்கி சாம் ஜோன்ஸ் நாஷ்வில்லில் கூடாரம் அடித்து எழுப்புதல் கூட்டம் நடத்தினார். அதைக் கேட்டு மனம் மாறிய ரைமன், இனி இவர் கூடாரத்தில் நின்று பேச வேண்டியதில்லை என்று நிரந்தரக் கூடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். பணம் துளித்துளியாகச் சேர்ந்ததால் வேலை பல ஆண்டுகள் இழுத்தது. முடிந்தபோது செலவு ஏறக்குறைய 1,00,000 டாலர்.

கட்டட வரைவு ஹியூ கேத்கார்ட் தாம்ப்சனுடையது. செங்கல் சுவர், கூர்மாட முகப்பு, உயர்ந்த சரிவான கூரை, வரிசையாக நீண்ட ஜன்னல்கள் என்று வெளியிலிருந்து பார்த்தால் தேவாலயமே. உள்ளே பேசுபவரை நோக்கி வளைந்து அமைந்த மர பெஞ்சுகள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு மனிதக் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே கட்டடத்தின் முதல் தேவை. பிரசங்கிக்காகச் செய்த அந்த ஏற்பாடு பிற்பாடு ஃபிடிலுக்கும் பாஞ்சோவுக்கும் பயன்பட்டது. அரங்கின் ஒலித்தரம் குறித்து இன்றுவரை பாடகர்கள் சொல்லும் புகழ்ச்சிக்கு அடிப்படை மரமும் வளைவும்தான்; இசைக்கென்று யாரும் திட்டமிட்டதில்லை.

கூடம் எழுந்தது, கடனும் கூடவே நின்றது. கடனை அடைக்க வாடகைக்கு விடுவதைத் தவிர வழியில்லை. ரைமன் அரங்கின் பிற்கால வரலாறு முழுவதையும் தீர்மானித்தது இந்த வாடகைதான் என்று சொல்லலாம். 1897இல், உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களுக்காகப் போரிட்ட கூட்டமைப்புப் படையின் முன்னாள் வீரர்கள் மாநாடு கூட்டினார்கள். அதையொட்டி மாடம் ஒன்று கட்டப்பட்டு, அவர்கள் பெயரே அதற்கு இடப்பட்டது. 1901இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்ரா குழு வந்தபோது மேடை என்ற ஒன்று முறையாக அமைக்கப்பட்டது. மதுவையும் சூதையும் கண்டித்துப் பேசக் கட்டிய இடத்தில் ‘கார்மென்’ நாயகி மேடையேறினாள். 1904 டிசம்பரில் ரைமன் இறந்தார். இறுதிச் சடங்கு அதே கூடத்தில் நடந்தது. அங்கு பேசிய சாம் ஜோன்ஸ் கூடத்துக்கு ரைமனின் பெயரை வைக்கலாம் என்று கேட்டுக்கொள்ள, கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று ஏற்றார்கள்.

அரங்கை அரை நூற்றாண்டு நடத்தியவர் ஒரு பெண். கணவரை இழந்து, பெண் குழந்தையுடன் பிழைக்க வேண்டியிருந்த லூலா சி. நாஃப், நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்து 1904 முதல் ரைமனுக்கான பணிகளைப் பார்த்தார். அந்த நிறுவனம் கலைந்த பின் தாமே துணிந்து அரங்கை வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்தினார். 1920இல் அதிகாரபூர்வ மேலாளரானார். 1955 வரை இருந்தார். ஆண்கள் மட்டுமே நடத்திய தொழில் என்பதால் கடிதங்களில் ‘எல்.சி. நாஃப்’ என்றே கையெழுத்திட்டார். 1913இல் ஹெலன் கெல்லரும் அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவனும் வந்தபோதுதான் முதன்முதலாக எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தன. என்ரிகோ கரூசோ, ஹூடினி, மரியன் ஆண்டர்சன் என்று அடுத்தடுத்து வந்தார்கள். 1939இல் ‘டொபாக்கோ ரோடு’ நாடகம் ஆபாசமானது என்று சொல்லி அதன் நடிகரைக் கைது செய்ய நகரத் தணிக்கைக் குழு முனைந்தபோது, நாஃப் நீதிமன்றம் போய் வென்றார். சொந்தப் பணக்குவியலோ அரசு மானியமோ இல்லாத அரங்கு. யார் வாடகை கொடுத்தாலும் கதவைத் திறந்தாக வேண்டும். இந்தக் கட்டாயமே ரைமனை நகரின் மற்ற அரங்குகளைவிடத் தாராளமானதாக வளர்த்தது.

கன்ட்ரி இசை அங்கே வந்து சேர்ந்தது வானொலி வழியாக. நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடெண்ட் என்ற காப்பீட்டு நிறுவனம் 1925 அக்டோபர் 5 அன்று நாஷ்வில்லில் டபிள்யூஎஸ்எம் நிலையத்தைத் தொடங்கியது. சிகாகோ வானொலியில் கிராமிய இசை நிகழ்ச்சி நடத்திப் பெயர் பெற்ற ஜார்ஜ் டி. ஹே பணிக்கு வந்தார். நவம்பர் 28 இரவு, 77 வயது ஃபிடில் கலைஞர் அங்கிள் ஜிம்மி தாம்ப்சனை ஒலிவாங்கியின் முன் உட்கார வைத்தார் ஹே. நேயர்கள் விட மறுத்தார்கள். சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி நிலைத்தது. 1927 டிசம்பரில் அதற்கு ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்று பெயர் வந்தது. அதற்கு முந்தைய நேரத்தில் சாஸ்திரிய இசை ஒலிபரப்பு ஒன்று போய்க்கொண்டிருக்க, இனி கேட்கப்போவது மண்ணின் ஓப்ரா என்று ஹே கிண்டலாக அறிவித்ததில் பிறந்த பெயர். அன்று முதலில் வாசித்தவர் டிஃபோர்ட் பெய்லி: மவுத் ஆர்கனில் ரயிலோட்டத்தை அப்படியே எழுப்பிக் காட்டிய கறுப்பினக் கலைஞர். ஓப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவரான அவர் 1941இல் நீக்கப்பட்டார். கன்ட்ரி என்றால் வெள்ளையர் இசை என்ற எண்ணம் ஊன்றியதில் இந்த நீக்கத்துக்கும் பங்கு உண்டு. கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர 2005 ஆனது. அதற்குள் அவர் இறந்து 23 ஆண்டுகள்.

1932இல் டபிள்யூஎஸ்எம் 50,000 வாட் திறனுக்கு உயர்ந்தது. 878 அடி உயரக் கோபுரத்திலிருந்து எழுந்த ஒலி இரவு நேரத்தில் பல மாநிலங்களைத் தாண்டிச் சென்றது. வீடு வீடாகப் போய் பாலிசி விற்ற முகவர்களுக்கு ஓப்ரி என்ற பெயரே வாசற்கதவைத் திறந்துவிட்டது. காதால் கேட்டவர்கள் கண்ணால் பார்க்க வந்ததுதான் நிறுவனம் எதிர்பாராதது. முதலில் கலையகத்துக்குள் சிலர் நின்று பார்த்தார்கள். பிறகு 500 பேர் உட்காரும் கலையகம் கட்ட வேண்டியிருந்தது. நிறுவனத்தின் அதிகாரிகளே உள்ளே நுழைய முடியாத அளவுக்குக் கூட்டம் நெருக்கியதும், நிகழ்ச்சி வெளியே வாடகை அரங்கு தேடிப் புறப்பட்டது. 1934இல் ஹில்ஸ்போரோ தியேட்டர், 1936இல் ஆற்றுக்கு அப்பால் டிக்ஸி டாபர்னக்கிள், 1939இல் அரசுக்குச் சொந்தமான வார் மெமோரியல் அரங்கு. கூட்டத்தைக் குறைக்க வார் மெமோரியலில் முதன்முதலாக 25 சென்ட் கட்டணம் வைத்துப் பார்த்தார்கள், குறையவில்லை. மெத்தை இருக்கைகள் பாழாகின்றன என்ற புகார் எழுந்தது. அடுத்து 1943 ஜூன் 5 அன்று ஓப்ரி ரைமனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பாழாக மெத்தையே இல்லை. எல்லாம் மர பெஞ்சு.

அடுத்த 31 ஆண்டுகள் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஐந்தாவது அவென்யூவில் வரிசை நீண்டது. கென்டக்கி, அலபாமா, டென்னசி மலைப்பகுதி என்று நூற்றுக்கணக்கான மைல் கார் ஓட்டி வந்த விவசாயக் குடும்பங்கள், ஆலைத் தொழிலாளர்கள், விடுப்பில் இருந்த சிப்பாய்கள் அதில் நின்றார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் கூடத்தில் குளிர்சாதனம் கிடையாது. கோடையில் ஜன்னல்களைத் திறந்து வைத்து, அட்டை விசிறியால் விசிறிக்கொண்டுதான் பாட்டுக் கேட்டார்கள். பெஞ்சில் கைப்பிடி இல்லை. பக்கத்தில் இருப்பவர் நகர்ந்தால் இன்னும் ஒருவருக்கு இடம். ஆக, அறிமுகமில்லாத தோள்கள் உரச உட்காருவதே வழக்கமாயிற்று.

மேடையில் நடந்தது இன்றைய பொருளில் ‘கச்சேரி’ ஆகாது. வானொலிக்கான நேரலையைச் சனங்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். நிகழ்ச்சி அரைமணி, கால்மணித் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு விளம்பரதாரர். பின்திரையில் மாவு நிறுவனத்தின் பெயர் தொங்கும். அறிவிப்பாளர் ஓரத்தில் நின்று விளம்பரம் வாசிப்பார். ஒரு பாடகருக்கு ஓரிரு பாட்டுதான். அவர் பாடும்போதே பின்னால் அடுத்த குழு நடமாடும். இசைக்கலைஞர்களின் உறவினர்களும் நண்பர்களும் மேடையிலேயே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பார்வையாளர்கள் எழுந்து மேடை விளிம்பு வரை வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள், யாரும் தடுப்பதில்லை. பாடகர் ராய் அகஃப் பாட்டுக்கு நடுவே யோ-யோ சுழற்றுவார். விலைச் சீட்டு தொங்கும் தொப்பியோடு வரும் மின்னி பேர்ல் கிராமத்து வம்புகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். திட்டமிட்ட ஒழுங்கீனம் என்று இதைக் குறிப்பிடலாம். மேடைக்கும் பெஞ்சுக்கும் இடையே உயரம் இருந்தது, தூரம் இருக்கவில்லை. கன்ட்ரி ரசிகர்கள் பாடகரை வீட்டு மனிதராக நடத்தும் பழக்கம் வளர்ந்ததற்கு இந்த நெருக்கம் முக்கியக் காரணம்.

திரைக்குப் பின்னால் வசதி இன்னும் மோசம். ஒப்பனை அறைகள் போதாததால் பெண் கலைஞர்கள் கழிவறையில் உடை மாற்றினார்கள். காற்றுக்கும் மதுவுக்கும் கலைஞர்கள் பின்வாசல் வழியே குறுகிய சந்து ஒன்றைக் கடந்து பிராட்வே தெருக் கடைகளுக்குப் போவார்கள். 1960 முதல் அங்கே டூட்ஸி பெஸ் நடத்திய ‘டூட்ஸிஸ் ஆர்கிட் லவுஞ்ச்’ இவர்களால் புகழ்பெற்றது. சில கட்டடம் தள்ளி பாடகர் எர்னஸ்ட் டப்பின் இசைத்தட்டுக் கடை. ஓப்ரி முடிந்த பின் நள்ளிரவில் அங்கிருந்தும் ஒரு நேரலை போகும். அரங்கில் இடம் கிடைக்காதவர்கள் அங்கே நின்று கேட்பார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் நிரம்பும் பிராட்வேயின் இசைக்கூட வரிசைக்கு விதை விழுந்தது ரைமனின் பின்வாசலில்.

இத்தனை நெருக்கடிக்குள்தான் கன்ட்ரி இசையின் பெரிய திருப்பங்கள் நிகழ்ந்தன. 1945 டிசம்பரில் பில் மன்றோவின் ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவில் 21 வயது ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்து, மூன்று விரல்களால் பாஞ்சோவை மின்னல் வேகத்தில் மீட்டினார். புளூகிராஸ் என்ற இசைவகையின் பிறப்பிடமாக ரைமன் மேடையைக் குறிப்பிடுவது இதனால்தான். 1949 ஜூன் 11 அன்று ஹாங்க் வில்லியம்ஸ் முதன்முதலாக அங்கே பாடினார். ‘லவ்சிக் புளூஸ்’ பாட்டை ஆறு முறை திரும்பப் பாட வைத்தார்கள் என்பது ஓப்ரி மரபில் நிலைத்துவிட்ட கணக்கு. நிமிடக் கணக்கில் விளம்பர நேரம் விற்கப்பட்ட ஒலிபரப்பில் அது சாதாரணமல்ல. குடியால் வேலைக்கு வராத அவரை 1952இல் நீக்கினார்கள். 1953 புத்தாண்டு நாளில் 29 வயதில் இறந்தார். இலங்கையிலும் இந்தியாவிலும் ஏராளமான ரசிகர்களைப் பெற்ற ஜிம் ரீவ்ஸ் 1955இல் ஓப்ரி உறுப்பினராகி இதே மேடையில் பாடியவர். 1967இல் சார்லி பிரைடும் 1969இல் லிண்டா மார்டெலும் பாடியபோது, பெய்லிக்குப் பின் கறுப்பினக் கலைஞர்களுக்கு மூடியிருந்த கதவு சற்றே திறந்தது.

ராக் இசைக்கு அரங்கு அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. டிரம்ஸ் நெடுங்காலம் ஓப்ரி மேடையில் விலக்கப்பட்ட கருவி. 1954 அக்டோபர் 2 அன்று 19 வயது எல்விஸ் பிரெஸ்லி வந்து, பில் மன்றோவின் ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’யைத் தம் துள்ளல் பாணியில் பாடினார். கைதட்டல் மரியாதைக்கு மேல் போகவில்லை. திரும்பப் போய் லாரி ஓட்டும்படி ஓப்ரி மேலாளர் சொன்னதாக உலவும் கதைக்கு உறுதியான சான்று கிடையாது. ஓப்ரி அவரை மீண்டும் அழைக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். இரண்டு வாரத்தில் ஷ்ரீவ்போர்ட் நகரின் ‘லூசியானா ஹேரைடு’ வானொலி நிகழ்ச்சி அவரை மேடையேற்றியது. பாட்டின் ஆசிரியரான மன்றோ கோபப்படவில்லை; பிற்பாடு அதே பாட்டைத் தாமே வேகம் கூட்டிப் பதிவு செய்தார்.

1968 மார்ச் 15 அன்று கலிஃபோர்னியாவின் ‘தி பேர்ட்ஸ்’ ராக் குழு ரைமனில் நின்றது. கன்ட்ரி இசைத்தட்டு ஒன்றை நாஷ்வில்லில் பதிவு செய்துகொண்டிருந்தவர்கள். தலைமுடியையும் ஓரளவு வெட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பார்வையாளர்களில் சிலர் ஏளனக் குரல் எழுப்பினார்கள். அறிவித்திருந்த மெர்ல் ஹாகர்ட் பாட்டை விட்டுவிட்டு, குழுவைச் சேர்ந்த கிராம் பார்சன்ஸ் தம் சொந்தப் பாட்டான ‘ஹிக்கரி விண்ட்’டைப் பாடியதில் ஓப்ரி நிர்வாகமும் முகம் சுளித்தது. அந்த ஆண்டு வெளிவந்த அவர்களது ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ விற்பனையில் சோபிக்காவிட்டாலும் கன்ட்ரி-ராக் என்ற கிளைக்கு அடிப்படை நூல் போல ஆயிற்று.

இரு தரப்பையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தவர் ஜானி கேஷ். 1956இல் ஓப்ரியில் அறிமுகமானவர்; 1965இல் போதை தலைக்கேறி ஒலிவாங்கித் தண்டால் மேடை விளிம்பு விளக்குகளை உடைத்து, இனி வர வேண்டாம் என்று அனுப்பப்பட்டவர். ஏபிசி தொலைக்காட்சிக்கு அவர் நடத்திய நிகழ்ச்சி 1969 முதல் 1971 வரை ரைமனில் பதிவானது. முதல் நிகழ்ச்சியிலேயே பாப் டிலனும் ஜோனி மிட்செலும் பாடினார்கள். ரே சார்ல்ஸ், நீல் யங், எரிக் கிளாப்டனின் குழு எல்லோரும் வந்தார்கள். 1970இல் லூயி ஆம்ஸ்ட்ராங் வந்து, 1930இல் ஜிம்மி ராட்ஜர்ஸின் இசைத்தட்டில் தாம் வாசித்த பாட்டையே கேஷுடன் மீண்டும் வாசித்தார். கன்ட்ரி, ஜாஸ், ராக் என்று கடைக்காரர்கள் பிரித்து அடுக்கியவை ஒரே ஊற்றுநீர் என்பதற்கு அந்தப் பதிவைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

இதற்குள் கட்டடம் நலிந்திருந்தது. நேஷனல் லைஃப் நிறுவனம் 1963இல் அதை 2,07,500 டாலருக்கு விலைக்கு வாங்கியிருந்தது; ஆனால் சீர்செய்வதைவிட நகருக்கு வெளியே புது அரங்கும் கேளிக்கைப் பூங்காவும் கட்டுவதே லாபம் என்று கணக்கிட்டது. 1974 மார்ச் 15இல் ரைமனில் கடைசி ஓப்ரி ஒலிபரப்பு. மறுநாள் புதிய ஓப்ரி ஹவுஸில் அதிபர் நிக்சன் பியானோ வாசித்தார். பழைய மேடையிலிருந்து ஆறு அடி அகல வட்டமாக ஓக் மரத்தை அறுத்தெடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். ரைமனை இடித்து, அதன் செங்கல்லால் பூங்காவுக்குள் சிறு தேவாலயம் கட்டலாம் என்பது நிறுவனத்தின் திட்டம். காப்பாற்றும் தகுதி இதற்கில்லை என்று மேடை வடிவமைப்பாளர் ஜோ மீல்சினரும் கருத்துக் கொடுத்திருந்தார். நியூயார்க் டைம்ஸின் கட்டடக்கலை விமர்சகர் ஏடா லூயிஸ் ஹக்ஸ்டபிள் அந்தத் திட்டத்தைக் கடுமையாகச் சாடினார். இசைக்கலைஞர்களிடம் இதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை; வியர்வையிலும் புழுக்கத்திலும் பாடிச் சலித்த ராய் அகஃப் புது அரங்கின் பக்கமே நின்றார். எதிர்ப்பு வலுத்ததும் இடிப்பு தள்ளிப்போயிற்று.

அடுத்த இருபது ஆண்டுகள் கட்டணம் கொடுத்துச் சுற்றிப்பார்க்கும் காட்சிப்பொருளாகவும், ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ போன்ற படங்களின் படப்பிடிப்புத் தளமாகவும் அது காலம் தள்ளியது. 1991இல் பாடகி எமிலூ ஹாரிஸ் தம் ‘நாஷ் ராம்ப்ளர்ஸ்’ குழுவுடன் அங்கே நேரடிப் பதிவு செய்ய முன்வந்தார். மாடம் எப்போது விழுமோ என்ற நிலை. அதன் மேலும் கீழும் யாரும் உட்காரக்கூடாது என்பதால் சுமார் 200 பேரை மட்டும் அனுமதித்தார்கள். அந்த இசைத்தட்டு வெளிவந்ததும் அரங்கின் ஒலி மீண்டும் பேச்சானது. 1983இலேயே உரிமையைப் பெற்றிருந்த கேலார்ட் நிறுவனம் 85 லட்சம் டாலர் செலவிட்டுப் புதுப்பித்தது: முதன்முறையாகக் குளிர்சாதனம், ஒப்பனை அறைகள், புதிய நுழைவாயில். பழைய பெஞ்சுகளைச் செப்பனிட்டுத் திரும்பப் போட்டார்கள். 1994 ஜூனில் கேரிசன் கீலரின் வானொலி நிகழ்ச்சியுடன் கதவு திறந்தது. 1974இல் ‘நியூயார்க்கர்’ இதழுக்காக ஓப்ரியைப் பற்றி எழுத நாஷ்வில் வந்து, அந்த அனுபவத்திலிருந்தே தம் நிகழ்ச்சியை உருவாக்கியவர் கீலர்.

புதுப்பித்த அரங்கில் 2,362 இருக்கைகள். ஓப்ரி குளிர்காலங்களில் திரும்பி வரத் தொடங்கியது. மற்ற இரவுகளில் ராக் குழுக்கள் நிறைந்தன. நீல் யங் 2005 ஆகஸ்டில் இங்கே இரு இரவு பாடியதை இயக்குநர் ஜானதன் டெம்மி ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ என்ற படமாக்கினார். மைதானங்களை நிரப்பும் குழுக்கள் குறைந்த வசூலுக்கு இங்கே வருவது, கைக்கெட்டும் தூரத்தில் ஆள் உட்கார்ந்து கேட்கும் இடம் வேறெங்கும் அதிகமில்லை என்பதால். பெஞ்சுகளில் இப்போது எண் இட்டிருக்கிறது. அரைத் தொடை இடம் கூடவோ குறையவோ வாய்ப்பில்லை. முதுகு வலிப்பதாகப் புகார் மட்டும் மாறவில்லை.

2010 மே மாதம் கம்பர்லாண்ட் ஆறு கரை உடைத்து ஓப்ரி ஹவுஸ் மேடையை மூழ்கடித்தபோது, ஓப்ரி ஓடி வந்து தஞ்சம் புகுந்த இடங்களில் ரைமனும் ஒன்று. 2012இல், 1951 முதல் தேய்ந்துவந்த மேடைப் பலகைகள் மாற்றப்பட்டன. புதிய தேக்குத் தளத்தின் முன்விளிம்பில் பழைய ஓக் மரத்திலிருந்து 18 அங்குலப் பட்டை மட்டும் விடப்பட்டது. 2001இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தை, 2022இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபமும் தன் வரலாற்று இடங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.